கடிதத்துக்குக் காத்திருந்த கால்

1

நேற்றோடு நான் இந்த ஊருக்கு வந்து ஐந்து வருஷம் முடிந்தது. கொண்டாட்டம் ஒன்றும் இல்லை. காலையில் குடியேற்ற அலுவலகத்துக்குப் போய், இன்னும் ஒரு வருஷம் தங்க அனுமதி கேட்டுப் படிவம் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்து பஸ் பிடித்து ஆராய்ச்சிக்கூடம் வந்து, நூற்று இருபது எலிகளுக்குச் சாப்பாடு தராசில் நிறுத்துப் போட்டேன். அவ்வளவுதான் விழா.

அந்தப் படிவத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு. முதல் வருஷம் அதில் 'டாக்டர்' என்று கம்பீரமாக எழுதினேன். ஏன் எழுதக் கூடாது? மதராஸில் எம்.பி.பி.எஸ். முடித்தவன். இரண்டு வருஷம் ஆஸ்பத்திரி உத்தியோகம் பார்த்தவன். எத்தனையோ பிரசவம் இந்தக் கையால் ஆகியிருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இந்த நாட்டில் நோயாளியைத் தொட்டுப் பார்க்க உங்களுக்கு லைசென்ஸ் இருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியானால் நீங்கள் மாணவர்."

சிவப்புப் பென்சிலால் என் டாக்டரை அடித்துவிட்டார். இப்போதெல்லாம் அவருக்கு அந்தச் சிரமம் வைப்பதில்லை, நானே 'மாணவர்' என்று எழுதிவிடுகிறேன். வயது முப்பத்து மூன்று. முன்மண்டையில் முடி கொட்டியாயிற்று. மாணவராம், மாணவர்!

நம் பக்கத்திலிருந்து படித்த தம்பிகள் பலர் எனக்கு எழுதுகிறார்கள். அமெரிக்கா வர வழி சொல்லுங்கள் அண்ணா என்கிறார்கள். வர வழி சுலபம் ஐயா. நம் ஊர்ப் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே வைத்தியம் பார்க்க முடியாது. அதற்கு இவர்கள் ஆஸ்பத்திரியில் மறுபடி அடிமட்டத்திலிருந்து வேலை செய்ய வேண்டும், பரீட்சை எழுத வேண்டும். நான் வந்ததோ ஆராய்ச்சி மாணவன் விசாவில். அந்த விசாக்காரன் ஆஸ்பத்திரி வேலை செய்யக் கூடாது. ஆராய்ச்சி முடிந்தால் உடனே ஊருக்குக் கிளம்பிவிட வேண்டும். முடியாமல் பாதியில் கிளம்பினால் கப்பல் சீட்டு கிடையாது, திரும்பி வரவும் விடமாட்டார்கள். ஆக, முடிக்கும்வரை இங்கே கிடக்க வேண்டியது. எப்போது முடியும் என்று பேராசிரியருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டாம் வருஷக் குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலன் கெட்டுப்போய் ஒரே வாரக்கடைசியில் என் எலிகளில் பாதி விறைத்துச் செத்தன. ஒரு வருஷ வேலை அதோடு போயிற்று. நான் மாட்டிக்கொண்டேன். இதை மெருகு போட்டுச் சொல்ல என்னால் ஆகாது.

நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மாள் நல்லவள். போன மாதம் மாடிப்படியில் என்னை நிறுத்தி, பாவாடையை முழங்கால் வரை தூக்கி, "டாக்டர், இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். முட்டி வீங்கியிருந்தது. கை தானாக நீண்டது. பாதியில் இழுத்துக்கொண்டு, சட்டப்படி நான் பார்க்கக் கூடாது அம்மா என்றேன். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றிலிருந்து என்னை மிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறாள்.

2

என் அப்பா திண்டுக்கல்லில் வாழைக்காய்க் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். சிறுமலையிலிருந்து மலைவாழைத் தார்கள் குதிரை முதுகில் இறங்கி வரும். விடிந்தால் மண்டி வாசலில் குதிரைச் சாணமும் வாழைச்சருகும் ஏலக் கூச்சலும்தான். அப்பா செருப்பே போடமாட்டார். தார் அடுக்கிய இடம் லட்சுமி இருக்கிற இடம் என்பார்.

நான் பி.எச்.டி. படிக்க அமெரிக்கா போகிறேன் என்றதும் அப்பா மதுரையில் யாரிடமோ விசாரித்தார். அந்தப் புண்ணியவான், "அதுதான் கடைசிப் படிப்பு, அதுக்கு மேல கெடையாது" என்று சொல்லிவிட்டான். அப்பா அதை மண்டிக்கு வந்து எப்படிச் சொன்னார் தெரியுமா? "எம் மகன் டாக்டருக்கெல்லாம் டாக்டரு. மத்தவன் கைவிட்ட கேஸத்தான் இவன் தொடுவான்." நான் கப்பல் ஏறி ஆறு மாதத்தில் மண்டி மாடியில் என் பேருக்கு ஒரு போர்டு எழுதி மாட்டினார்கள். எம்.பி.பி.எஸ்., பி.எச்.டி., அமெரிக்கா. போட்டோ பிடித்து அனுப்பினார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது என் கையில் எலி கடித்த இடத்தில் பஞ்சு சுற்றியிருந்தது.

அப்போதே உண்மையை எழுதியிருக்கலாம். அப்பா, இது வைத்தியப் படிப்பு இல்லை, புரதம் குறைந்த தீனி தின்ற எலியின் ஈரலில் கொழுப்பு எப்படிச் சேர்கிறது என்று பார்க்கிற படிப்பு என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

அந்த வெட்கத்தோடு ஒரு சந்தோஷமும் சேர்ந்துகொண்டது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். அண்ணன் எழுதும் நீலநிற விமானக் கடிதங்களில் வீட்டார், தெருவார், மண்டிக்காரர்கள் எல்லாருடைய நோயும் வரும். மதினிக்குத் தலைச்சுற்றல். கணக்கப்பிள்ளைக்கு மூலம். கட்டி வீக்கம் என்றால் அண்ணன் அதன் சுற்றளவைக் கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் அப்படியே வரைந்து அனுப்புவார். எக்ஸ்ரே படம் பார்க்கிற மாதிரி நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மருந்து எழுதி, பத்தியம் சொல்லி, அன்றைக்கே தபாலில் போடுவேன். இந்த நாட்டில் நான் பார்த்த வைத்தியம் அது ஒன்றுதான்.

ஒருமுறை ஒரு கம்பவுண்டர் போட்ட ஊசியில் அம்மாவுக்குக் கை சீழ் கட்டிவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறி, "இனிமேல் என்னைக் கேட்காமல் வீட்டில் ஒருவரும் வேறு யாரிடமும் வைத்தியம் பார்க்கக் கூடாது" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அந்தக் கடிதத்தை அப்பா பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பதாக அண்ணன் எழுதினார். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. மடையன்!

என் மகள் செல்வியை எட்டு மாதக் குழந்தையாக விட்டு வந்தேன். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். என் அண்ணனைத்தான் அப்பா என்கிறாளாம். எனக்கு 'கடுதாசி அப்பா' என்று பேர். "நீங்க கோவிச்சுக்காதீக, திருத்தித்தான் பாக்குறேன்" என்று என் மனைவி கமலம் எழுதுகிறாள். அவளைத் திருத்தச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

3

போன வருஷம் வசந்த காலத்தில் அண்ணனிடமிருந்து ஒரு கடிதம். அப்பா மண்டி வாசலில் குதிரை லாடத்து ஆணியை மிதித்துவிட்டார். வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே. ஓரத்தில் பென்சிலால் சின்ன வட்டம், ஓரணாக் காசு அளவு.

கழுவிக் கட்டுங்கள், தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டி ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். கடிதம் போய்ச்சேரப் பத்து நாள், பதில் வரப் பத்து நாள். இரண்டாவது கடிதத்தில் வட்டம் அரை ரூபாய் அளவு. "நீ சொன்னபடி கழுவிக் கட்டுகிறோம். டாக்டரிடம் போகவில்லை. என் மகன் கையெழுத்தே போதும் என்கிறார் அப்பா." எனக்கு எரிச்சல். கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று இரண்டு முறை அடிக்கோடு போட்டு எழுதினேன்.

மூன்றாவது கடிதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதில் வட்டம் இல்லை. ஓரம் போதவில்லை போலிருக்கிறது. கடிதத்தின் பின்பக்கம் முழுக்க அப்பாவின் பாதத்தையே வைத்துச் சுற்றி வரைந்து, அதில் முன்பாதியைப் பென்சிலால் கறுப்பாகத் தீட்டியிருந்தார் அண்ணன். கூடவே எழுதியிருந்தார்:

"கறுத்திருக்கே தவிர அப்பாவுக்கு வலி துளிகூட இல்லை. ஆகையால் நீ கவலைப்படாதே. மேட்டுத்தெரு டாக்டர் தாமாகவே வந்து பார்க்கிறேன் என்றார். அப்பா விடவில்லை. மகன் இருக்கும்போது வேறு ஆளிடம் காலை நீட்டினால் மகனுக்கு மரியாதையா என்கிறார். நீ டாக்டரிடம் காட்டச் சொன்னதையும் படித்துக் காட்டினேன். 'அது அவன் தன்னடக்கம்லே' என்று சிரிக்கிறார். இன்னொரு விஷயம், அப்பா சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்று அம்மா எழுதச் சொன்னாள். உன் அடுத்த கடிதத்துக்குக் காத்திருக்கிறோம்."

வலி இல்லை என்பதை அவர்கள் நல்ல சேதியாக எழுதியிருக்கிறார்கள். நீரிழிவு இருப்பது தெரியாமல் இருந்து, நரம்பு செத்து, பாதம் அழுகிக்கொண்டிருக்கிறது. அந்தக் கடிதம் எழுதியே பத்து நாள். நான் பதில் எழுதினால் இன்னும் பத்து நாள். அதற்குள் விஷம் மேலே ஏறிவிடும். அப்பா செத்துப்போவார், என் கடிதத்துக்குக் காத்துக்கொண்டே செத்துப்போவார்.

4

பேராசிரியரிடம் ஓடினேன். எங்கள் இருவருக்கும் ஆரம்பத்திலிருந்தே சரியான பொருத்தம் கிடையாது. வந்த முதல் மாதம் நம் ஊர்ப் பழக்கத்தில் 'எனக்கு ஒரு சந்தேகம்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். நமக்குச் சந்தேகம் என்றால் கேள்வி. தம் முடிவுகளையே நான் நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டு மனிதர் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. அன்று மட்டும் பொறுமையாகக் கேட்டார். கதவைக்கூடச் சாத்தினார்.

"போய்விட்டு வாருங்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் தீனிக் கணக்கு பாதியில் நிற்கிறது. வேறொருவர் கை பட்டால் இதுவும் வீண். நீங்கள் போய்ச் சேரும்போது உங்கள் தகப்பனார்..." என்று நிறுத்தினார். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இருந்த பெண்மணி விதிப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். பாதியில் போனால் உதவித்தொகை நின்றுவிடும், விசா முடிந்துவிடும். அவளுக்கும் வருத்தம்தான். எல்லாரும் வருத்தப்பட்டார்கள். ஒருவராலும் ஒன்றும் ஆகவில்லை.

மிச்சம் இருந்தது தந்தி. தந்தி ஆபீஸில் படிவம் வாங்கி, 'அப்பாவை உள்ளூர் டாக்டரிடம் உடனே காட்டவும்' என்று எழுதினேன். எழுதியதும் எனக்கே தெரிந்துவிட்டது, இதையும் தன்னடக்கம் என்பார். கிழித்தேன். 'கால் அழுகுகிறது, உயிருக்கு ஆபத்து, மதுரை போகவும்' என்று எழுதினேன். அதைப் படித்தால் என்ன சொல்வார்? "ஆபத்துன்னா எம் மகனே மருந்து அனுப்புவாண்டா." அதையும் கிழித்தேன்.

அவர் காலைப் பிடித்துவைத்திருப்பது நான்தான். அந்தப் போர்டு, அந்தக் கொட்டை எழுத்துக் கடிதம், இத்தனை வருஷமாக நான் மறைத்த விஷயம், இவைதான் அவரை நகரவிடாமல் வைத்திருக்கின்றன. அதை உடைத்தால் மானம் போகும். மண்டியில் போகும், சம்பந்தி வீட்டில் போகும், கமலத்தின் முகத்தில் அது தெரியும். உடைக்காவிட்டால் அப்பா போவார். மூன்றாவது படிவத்தில் இப்படி எழுதினேன்:

'நான் இங்கே டாக்டர் இல்லை. நோயாளியைத் தொட்டு நான்கு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எலிகளைத்தான் பார்க்கிறேன். என்னை நம்பாதீர்கள். அப்பாவை இன்றே மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.'

தந்தி ஆபீஸ் பெண் வார்த்தைகளை எண்ணிவிட்டு, "எலிகள் என்பது சரிதானா?" என்று கேட்டாள். சரிதான் என்றேன்.

5

அதன்பின் இருபத்தொரு நாள் ஒரு சேதியும் இல்லை. அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுதப் போவதில்லை. பிறகு அண்ணன் கடிதம் வந்தது.

நம் ஊரில் தந்தி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாவுச் சேதிக்குத்தான் தந்தி. தந்தி அனுப்பும்போது இந்த நினைப்பு எனக்கு வரவே இல்லை, இத்தனை வருஷத்தில் அதுகூட மறந்து போயிருக்கிறது. தந்திச் சேவகன் சைக்கிளை நிறுத்தி, "அமெரிக்காவுல இருந்து தந்தி" என்றதுதான் தாமதம், அம்மா, "அய்யோ, எம் புள்ள போயிட்டானே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுந்துவிட்டாள். கமலம் மயங்கிவிட்டாள். ஏலம் நின்றது. மண்டிக்காரர்கள், குதிரைக்காரர்கள், எதிர்க்கடைக்காரர்கள், தெருவே திரண்டுவிட்டது. துக்கத்துக்கு வந்த அத்தனை பேர் நடுவில்தான் தந்தியைப் பிரித்தார்கள். இங்கிலீஷ் தெரிந்தவர் கணக்கப்பிள்ளை ஒருவர்தான்.

அப்பா கட்டுப் போட்ட காலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "ஏலே, அழுகைய நிறுத்துங்கடா! எம் மகன் உசிரோட இருக்கானா இல்லையா, அத மொதல்ல சொல்லுங்க!" என்று அதட்டினார்.

கணக்கப்பிள்ளை மூன்று முறை படித்தார். "உசிரோடதான் இருக்காரு மொதலாளி. ஆனா..."

"ஆனா என்னா?"

"டாக்டரா இல்லையாம்."

"வெளங்கச் சொல்லுய்யா."

"அங்கன ஆளுகளப் பாக்குறதில்லையாம். எலியத்தான் பாக்குறாராம். தன்னைய நம்பாதீகங்கறாரு. ஒங்கள இன்னைக்கே மதுரைக்குக் கொண்டுட்டுப் போகச் சொல்றாரு."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்களாம். அண்ணன் அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். அப்பா அண்ணனைப் பார்த்து, "காரு புடிடா" என்றார்.

அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. "அப்பா, மேட்டுத்தெரு டாக்டரு வந்தப்ப மாட்டேன்னீக..."

"அவரு டாக்டரா வந்தாரு, மாட்டேன்னேன். இது பெத்த புள்ள. இம்புட்டுத் தொலவுல இருந்து தன் மானத்தக் கெடுத்துக்கிட்டுக் கெஞ்சுறான். புடிடா காரை!"

அன்று சாயங்காலமே மதுரையில் சேர்த்தார்கள். மறுநாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் ஆளே இல்லை என்று அங்கே சொன்னார்களாம். முதல் கடிதத்தோடு நான் இந்தத் தந்தியை அடித்திருந்தால் கால் முழுசாக இருந்திருக்கும். இதை யாரும் எனக்கு எழுதவில்லை. எனக்கே தெரியும்.

6

போர்டை இறக்கிவிட்டார்கள். தெருவில் எனக்கு 'எலி டாக்டர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். கமலத்தின் தம்பி இரண்டு மாதம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது வேறு.

அதன்பிறகு ஊரிலிருந்து வருகிற கடிதங்களில் நோயே இல்லை. "இங்கு அனைவரும் சுகம். அப்பா கட்டைக்கால் வைத்து நடக்கிறார். காய் வரத்து நன்றாக இருக்கிறது. நீ படிப்பைப் பார்." மதினிக்குத் தலைச்சுற்றல் இல்லை, கணக்கப்பிள்ளைக்கு மூலம் இல்லை, யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. ஓரத்தில் பென்சில் கோடு இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நானாகக் கேட்டு எழுதினேன். "சுகம்" என்று பதில் வந்தது. செல்விக்கு அம்மை குத்தியாயிற்றா என்று கேட்டேன். "ஆயிற்று, சுகம்." டாக்டர் இல்லை என்று நானே தந்தி கொடுத்தவன். அதை அவர்கள் நம்பிவிட்டார்கள், என்மேல் இருந்த மதிப்புப் போய்விட்டது என்று எட்டு மாதம் மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன். அப்பா பேரில் கோபம்கூட வந்தது. காலைக் காப்பாற்றாதவன் உயிரையாவது காப்பாற்றவில்லையா என்று இங்கே அறையில் தனியாக நின்று சத்தம் போட்டிருக்கிறேன்.

நேற்று படிவம் கொடுத்து, எலிகளுக்குத் தீனி போட்டுவிட்டு அறைக்குத் திரும்பினால் கமலத்தின் கடிதம் கிடந்தது. வழக்கமாக அண்ணன் கடிதத்தின் அடியில் இரண்டு வரி எழுதுபவள், இம்முறை தனியாக எழுதியிருந்தாள்.

"உங்களிடம் மறைக்க மனசு கேட்கவில்லை. ஐப்பசி மாதம் மாமாவுக்கு இருபது நாள் காய்ச்சல். பிழைப்பாரா என்று பயந்துவிட்டோம். மேட்டுத்தெரு டாக்டர்தான் தினம் வந்து பார்த்தார். செல்விக்கும் மஞ்சள் காமாலை வந்து போயிற்று. அத்தைக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. உங்களுக்கு எழுதலாம் என்று நான்தான் ஏர் லெட்டரை எடுத்தேன். மாமா அந்தக் காய்ச்சலிலும் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். 'அவன்கிட்டச் சொல்லாத தாயி. பாவம், புள்ள வர முடியாம அங்கன மாட்டிக்கிட்டுக் கெடக்கான். அத அன்னிக்குத் தந்தியிலதான் எனக்கே வெளங்குச்சு. இதக் கேட்டா தனியா உக்காந்து அழுவான்' என்றார்."

படித்துவிட்டு உட்கார்ந்தேன். அப்பா சொன்னது அப்படியே நடந்தது.